அவளா, அதுவா?

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம் ஒரு கேள்விக்கு எண்ணற்ற முறை விடை சொல்லியிருப்போம். ரயில் பெட்டியில் எதிரே அமர்ந்திருப்பவர் அதைக் கேட்பார், வீட்டுக்காரர் கேட்பார், அலுவலகத்தில் புதிதாக வந்து சேர்ந்தவர் கேட்பார். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே அக்கேள்வி. பெரும்பாலும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறோம். வாடகைக்கு வீடு தேடும் நாட்களில் மட்டும் சிலருடைய நாவில் விடை சற்றுத் தயங்கி வருவது உண்டு.

இக்கேள்விக்கு உண்மையான விடையைச் சொன்னால் வீடும் வாழ்வும் போய்விடும் என்ற நிலையில் உள்ள ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் உடல் வலிமையில் ஆடவர் பலரை விஞ்சியவள். வெறுங்கையால் எதிரியை வீழ்த்த வல்லவள். இருளிலும் கூர்ந்து காண்பவள். பல மொழிகளைப் பேசி, பல நாட்டு எல்லைகளைக் கடந்து, இரகசியங்களைச் சுமந்து செல்வதையே தொழிலாகக் கொண்டவள். அத்தகையவள் அஞ்சுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: "நீ எங்கே பிறந்தாய்?" என்ற சாதாரண விசாரணைக்கு.

அவள் பெயர் ஃபிரைடே. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹெய்ன்லைன் 1982-இல் வெளியிட்ட விஞ்ஞான நவீனத்தின் கதாநாயகி அவள். நூலின் பெயரும் அதுவே. விஞ்ஞான நவீனம் என்றவுடன், அது சிறுவர்கள் பொழுது போக்குவதற்கான வான ஊர்திக் கதை என்று ஒதுக்கிவிடுவோர் நம்மில் பலர். இந்த நூலிலும் வான ஊர்திகள் உண்டு. துரத்தலும் சண்டையும் ஏராளமாக உண்டு. ஆயினும் இவையெல்லாம் வெளித் தோற்றமே. இதனுள்ளே கிடக்கும் கேள்வி மிகப் பழமையானது: மனிதன் என்று யாரைச் சொல்வது? அப்படிச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ஆசிரியரைப் பற்றி முதலில் சிறிது அறிந்துகொள்வோம். ஹெய்ன்லைன் 1907-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் 1929-இல் தேறி அதிகாரியானவர், காசநோயால் 1934-இல் பணியிலிருந்து விலக நேர்ந்தது. 1939-இல் அவருடைய முதற்கதை வெளிவந்தது. அதன் பின்னர் சுமார் ஐம்பது ஆண்டுகள், 1988-இல் மறையும் வரை, விஞ்ஞானப் புனைகதைத் துறையின் முன்னணி ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். 'ஃபிரைடே' அவர் எழுபத்தைந்து வயதை எட்டிய ஆண்டில் வெளிவந்த நூல். இத்துறையின் பெரும் பரிசுகளான ஹ்யூகோ, நெபுலா இரண்டிற்கும் இறுதிப் பட்டியலில் அது இடம் பெற்றது; இரண்டும் அதற்குக் கிட்டவில்லை.

கதை நிகழும் உலகம் எப்படிப்பட்டது? இன்று நாம் அறிந்த அமெரிக்க ஐக்கிய நாடு அதில் இல்லை. வட அமெரிக்கக் கண்டம் பல தனி நாடுகளாகச் சிதறிக் கிடக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு கூட்டரசு. சிகாகோவைத் தலைநகராகக் கொண்டு ஒரு பேரரசு. டெக்ஸாஸில் ஒரு குடியரசு. கியூபெக் தனி, பிரிட்டிஷ் கானடா தனி. ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டிற்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். சில எல்லைகளில் வேலியும் காவலும் உண்டு. கலிபோர்னியாவைப் பற்றி ஆசிரியர் நகைச்சுவையாக ஒன்று எழுதுகிறார். பட்டம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருத்தல் ஆகாது என்று கருதி, குடிமக்களுக்குச் சட்டத்தின் வாயிலாகவே பட்டம் வழங்கிவிட்டார்களாம்! நாம் கலைக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காகப் பயின்று பட்டம் பெற்றவர்கள். ஆதலால் இந்த இடத்தில் சிரிப்பதா, சினம் கொள்வதா என்று நமக்கு விளங்கவில்லை.

இந்தச் சிறு நாடுகளை எல்லாம் விட வலிமை வாய்ந்தது ஒரு வர்த்தக நிறுவனம். ஷிப்ஸ்டோன் என்பவர் மின்சக்தியைச் சிறு பெட்டிக்குள் பெருமளவில் சேமித்து வைக்கும் சாதனம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதற்குக் காப்புரிமை கேட்டு அவர் அரசாங்கத்தை அணுகவில்லை. காப்புரிமை பெற வேண்டுமானால் கண்டுபிடிப்பின் விவரத்தை வெளியிட வேண்டும். சில ஆண்டுகள் கழிந்தபின் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஆகையால் அதைக் குடும்ப இரகசியமாகவே வைத்துக்கொண்டு, தாமே உற்பத்தி செய்து விற்கிறார். விளைவு, உலகின் விளக்குகளும் வண்டிகளும் அந்த ஒரு நிறுவனத்தின் கைக்குள் அடங்குகின்றன. பின்னர் ஒருநாள், 'செவ்வியாழன்' என்று பெயர் பெற்ற நாளில், உலகெங்கும் ஒரே சமயத்தில் தலைவர்கள் பலர் கொல்லப்படுகின்றனர். பல குழுக்கள் அதற்குப் பொறுப்பேற்கின்றன. அந்நிறுவனத்திற்கு உள்ளேயே எழுந்த பங்காளிச் சண்டைதான் இதன் வேர் என்பதைக் கதாநாயகி பிற்பாடு ஆராய்ந்து உய்த்துணர்கிறாள்.

இத்தகைய உலகில் ஃபிரைடே இரகசியத் தூதராகப் பணிபுரிகிறாள். அவளுக்கு எசமானர் ஒருவர் உண்டு. கால் ஊனமுற்ற முதியவர், கடுகடுத்த பேச்சு, கூர்மையான அறிவு. ஹெய்ன்லைன் 1949-இல் எழுதிய வேறொரு கதையிலும் இவர் வருகிறார். இவருக்காக அவள் பொருள்களையும் செய்திகளையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கிறாள். தொப்புளுக்குப் பின்னே, அறுவைச் சிகிச்சையால் அமைத்த ஒரு சிறு பை அவளுடைய உடலில் இருக்கிறது. சோதனைச் சாவடிகளில் எவரும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. அதில் சுமப்பது இன்னதென்று பெரும்பாலும் அவளுக்கே தெரியாது.

திருக்குறளில் தூது என்று ஓர் அதிகாரமும் ஒற்றாடல் என்று மற்றோர் அதிகாரமும் இருப்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். வள்ளுவர் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே வைத்தார். தூதுவர் வெளிப்படையாகச் செல்பவர். ஒற்றர் மறைந்து செல்பவர். ஃபிரைடே இரண்டும் ஆனவள். பிறர் என்ன செய்தாலும் தளராதிருப்பதே ஒற்றரின் இலக்கணம் என்று வள்ளுவர் சொல்லுவது இவளுக்கு முற்றிலும் பொருந்தும். எதிரிகளிடம் சிக்கிச் சித்திரவதைக்கு உள்ளாகும்போதும் அவள் தன் நிலை குலைவதில்லை.

கதை தொடங்கும் இடமே விந்தையானது. வான்வெளி நிலையம் ஒன்றிலிருந்து கென்யா நாட்டிற்கு அவள் இறங்கி வருகிறாள். வருவது விமானத்தில் அன்று. பூமியிலிருந்து வான்வெளி வரை நீண்டு நிற்கும் ஒரு மாபெரும் தூக்கியில். வானுக்கு ஏறிய அவரைக்கொடியைப் பற்றி ஆங்கிலக் குழந்தைகள் கேட்கும் பழங்கதையை ஒட்டி, இதற்கு 'அவரைக்கொடி' என்றே பெயரிட்டிருக்கிறார் ஆசிரியர். இது வெறும் கற்பனை அன்று. ரஷ்ய அறிஞர் ட்ஸியோல்கோவ்ஸ்கி 1895-இலேயே வானளாவிய கோபுரம் ஒன்றைப் பற்றி எண்ணிப் பார்த்தார். 1960-இல் அவருடைய நாட்டினரான ஆர்ட்ஸுடானோவ், மேலிருந்து கீழே தொங்கும் வடமாக அதை அமைக்கலாம் என்று விளக்கினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், பூமியுடன் சேர்ந்தே சுழலுவதால், ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும். அங்கிருந்து ஒரு வடத்தைக் கீழே விட்டால் அது பூமியில் ஒரே புள்ளியைத் தொட்டு நிற்கும். பூமத்திய ரேகை கென்யாவின் ஊடே செல்லுவதால் ஆசிரியர் அந்நாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தன் பாரத்தைத் தானே தாங்கக்கூடிய அத்தனை நீளமான வடத்தை மனிதர் இன்னும் செய்து முடிக்கவில்லை என்பதே தடை.

அந்தத் தூக்கியிலிருந்து இறங்கியதும் தன்னைப் பின்தொடரும் ஒருவனை அவள் கொன்றுவிடுகிறாள். அது ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடுகிறது. இத்தனை வேகமும் வலிமையும் அவளுக்கு எங்கிருந்து வந்தன? அங்கேதான் அவளுடைய இரகசியம் இருக்கிறது.

ஃபிரைடே ஒரு தாயின் வயிற்றில் உருவாகி, ஒரு தந்தையின் பெயரைத் தாங்கியவள் அல்லள். பரிசோதனைச் சாலையில், பல மனிதரின் மரபணுக்களைத் தேர்ந்து எடுத்துத் தொகுத்து அவளை உருவாக்கினார்கள். பின்லாந்தினர், பாலினீசியர், அமெரிக்க ஆதிகுடிகள், ஆப்பிரிக்கர், கொரியர், இந்தியர் எனப் பல இனங்களின் கூறுகள் அவளுடைய உடலில் கலந்திருக்கின்றன. எந்த இனத்தை அவள் வெறுத்தாலும் தன்னையே வெறுத்தவள் ஆவாள் என்பதை எசமானர் அவளுக்கு எடுத்துக் காட்டுகிறார். அவளைப் போன்றோரை அவ்வுலகம் 'செயற்கை மனிதர்' என்று அழைக்கிறது. தோற்றத்தில் வேறுபாடு சிறிதும் இல்லை. பசியும் உறக்கமும் கண்ணீரும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அவர்கள் குடிமக்கள் அல்லர் என்று நீதிமன்றங்கள் சொல்லுகின்றன. அவர்களுக்கு ஆன்மா இல்லை என்று சமய பீடங்கள் சொல்லுகின்றன. பெற்றோர் இல்லாமல் காப்பகத்தில் வளர்ந்த அவர்களை விலைக்கு வாங்கவும் விற்கவும் இயலும்.

சட்டங்களையும் அறிக்கைகளையும் தமிழாக்குவதையே பணியாகக் கொண்ட நமக்கு, இந்த இடம் வந்ததும் நூலைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுச் சிந்திக்கத் தோன்றிற்று. ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இல்லாத ஒரு சங்கடம் இதைத் தமிழில் சொல்ல முயல்பவருக்கு உண்டு. நம் இலக்கணம் உலகத்துப் பொருள்களை எல்லாம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டாக வகுத்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் அந்தப் பாகுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஆங்கிலத்தில் 'வருதல்' என்ற வினை யாருக்கும் ஒன்றே. தமிழில் 'வந்தாள்' என்றால் மனிதப் பிறவி. 'வந்தது' என்றால் ஆடோ மாடோ பெட்டியோ. ஆகவே ஃபிரைடேயைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதப் புகும் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை காத்திருக்க முடியாது. முதல் வாக்கியத்தின் கடைசி எழுத்திலேயே தம் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நூல் முழுவதையும் ஃபிரைடே தானே சொல்லுகிறாள். 'நான் வந்தேன்' என்பதில் திணையும் இல்லை, பாலும் இல்லை. தன்னைப் பற்றித் தானே பேசும் வரையில் அவள் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்குவதில்லை. பிறர் அவளைச் சுட்டிப் பேசத் தொடங்கும் கணத்தில்தான் 'அவளா, அதுவா' என்ற வழக்கு எழுகிறது.

சட்டத் துறையில் உள்ள ஒரு விந்தையையும் இங்கே சொல்லலாம். நம் நாட்டில் 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், 'ஆள்' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகையில், கம்பெனியும் சங்கமும் அதில் அடங்கும் என்று கூறுகிறது. கம்பெனி வழக்குத் தொடரலாம், சொத்து வைத்திருக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம். உயிரில்லாத ஒன்று வசதி கருதி 'ஆள்' ஆகிவிடுகிறது. ஹெய்ன்லைன் காட்டும் உலகில் இந்த விந்தை முற்றிப் பழுத்திருக்கிறது. அங்கே ஷிப்ஸ்டோன் நிறுவனம் நாடுகளையே ஆட்டிப் படைக்கும் பேராள். இரத்தமும் சதையும் கொண்ட ஒரு பெண்ணோ ஆளே அல்லள். ஆசிரியர் இதை எங்கும் உரத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டார்.

இனி நூலின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். நியூஜிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஃபிரைடேக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. கணவர் பலரும் மனைவியர் பலரும் ஒப்பந்தத்தால் இணைந்து, குழந்தைகளைப் பொதுவாக வளர்க்கும் எதிர்கால முறைக் குடும்பம் அது. அதில் ஓர் உறுப்பினராவதற்கு அவள் தவணை முறையில் பணம் கட்டி வருகிறாள். விடுமுறை கிடைத்த போதெல்லாம் அங்கே ஓடி வருகிறாள். குழந்தைகளைக் கொஞ்சுகிறாள்; சமையலறையில் கைகொடுக்கிறாள். தான் யார் என்பதை மட்டும் அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சமயம், அந்தக் குடும்பத்தின் மகள் டோங்கா தீவைச் சேர்ந்த ஒருவனை மணந்துகொள்கிறாள். வீட்டுத் தலைவிக்கு அது பெருத்த அவமானமாகிவிடுகிறது. பண்பும் படிப்பும் மிக்கவர்கள் என்று ஃபிரைடே நம்பியிருந்தவர்கள், நிறத்தையும் இனத்தையும் சொல்லி அந்தப் பெண்ணைத் தள்ளி வைக்கிறார்கள். ஃபிரைடே வாதாடுகிறாள், பயனில்லை. செயற்கை மனிதரைப் பற்றியும் பேச்சு எழுகிறது. அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது போல, குடும்பப் பெண்ணொருத்தி இகழ்ந்து பேசுகிறாள். அப்பொழுது ஃபிரைடே தன் வாழ்நாளெல்லாம் காத்து வந்த இரகசியத்தை அவளிடம் உடைத்துச் சொல்லிவிடுகிறாள். நீ இகழும் அந்தப் பிறவி உன் எதிரில்தான் நிற்கிறது என்று காட்டிவிடுகிறாள்.

நேற்று வரை உடன் உண்டு உறங்கிய குடும்பம் மறுநாள் அவளைப் புறக்கணிக்கிறது. திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்படுகிறது. அவள் வெளியேற்றப்படுகிறாள். அவளுடைய முகம் மாறவில்லை, குணம் மாறவில்லை, சமைத்த கை மாறவில்லை. மாறியது ஒரு விகுதி மட்டுமே. 'வந்தாள்' என்றிருந்தது 'வந்தது' ஆயிற்று.

இந்த நூலில் எத்தனையோ சாகசங்கள் உள்ளன. எல்லை வேலியைக் கடந்து கானடாவுக்குள் கால்நடையாக நுழைகிறாள். மிஸிஸிப்பி ஆற்றில் கூலிப்படையினர் சென்ற படகு வெடித்துச் சிதற, நீந்திக் கரையேறுகிறாள். ஆயினும் நம் அபிப்பிராயத்தில், அவள் செய்த மிகத் துணிவான காரியம் அந்த வீட்டினுள் உண்மையைச் சொன்னதுதான். சண்டைகளில் அவளுக்குத் துணையாக அவளது உடல் வலிமை இருந்தது. அந்த வீட்டிலோ அவ்வலிமையால் பயன் ஏதும் இல்லை. அங்கே அவள் மற்றவர்களைப் போலவே பலவீனமானவள்.

பின்னர் அவள் ஒரு விமானத் தலைவரையும் அவருடைய வீட்டாரையும் சந்திக்கிறாள். வின்னிபெக் நகருக்கு அருகில் உள்ள அந்த வீட்டில், மரபணு நூலில் வல்லவர் ஒருவர் இருக்கிறார். செயற்கைப் பிறவிகளை வடிவமைப்பது அவருடைய தொழில். அவளுடைய பிறப்பை அறிந்தும் அவ்வீட்டார் அவளை ஒதுக்கவில்லை. அவர்களைக் காப்பதற்காக அவள் ஒரு காவலரைக் கொல்லவும் நேரிடுகிறது. ஒரு வீடு தள்ளியதையும் மற்றொரு வீடு ஏற்றதையும் ஆசிரியர் எதிரெதிராக நிறுத்தி வைக்கிறார்.

எசமானர் அவளை ஆராய்ச்சிப் பணியிலும் ஈடுபடுத்துகிறார். உலகத்து நூலகங்களை எல்லாம் இணைத்த ஒரு கருவியின் முன்னே அமர்ந்து, விரும்பியதைத் தேடிப் படிக்கிறாள். உலகளாவிய வலையமைப்பு 1990-ஐ ஒட்டித்தான் பிறந்தது என்பதை நினைக்கையில், 1982-இல் எழுதிய இப்பகுதி வியப்பூட்டுகிறது. ஒரு நாகரிகம் நோய்ப்பட்டுவிட்டது என்பதை எந்த அடையாளங்களால் அறியலாம் என்பது எசமானர் கொடுத்த வினாக்களுள் ஒன்று. அவள் பெரிய பெரிய காரணங்களைச் சொல்லுகிறாள். அவரோ, அன்றாட வாழ்வில் மனிதர் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை மறைந்து போவதே எல்லாவற்றிலும் கொடிய அடையாளம் என்கிறார். கடுஞ்சொல் பேசும் கிழவர் வாயிலிருந்து இது வருவது பொருத்தமாகவே இருக்கிறது.

எசமானர் இறந்தபின் அவள் ஆதரவற்றவள் ஆகிறாள். வேற்றுக் கிரகம் ஒன்றின் அரச குடும்பத்திற்குக் கருவொன்றைக் கொண்டு சேர்க்கும் வேலையை ஒப்புக்கொண்டு விண்கப்பலில் ஏறுகிறாள். தொப்புளுக்குப் பின்னுள்ள பையில் அது உறைநிலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நடுவழியில் அவளுக்கு உண்மை தெரிகிறது: கரு பையில் இல்லை, கருப்பையில் இருக்கிறது. போய்ச் சேர்ந்தபின் குழந்தையை எடுத்துக்கொண்டு தன்னை உயிருடன் விடமாட்டார்கள் என்று உணர்ந்த அவள், வழியில் 'பாட்டனி பே' என்ற குடியேற்றக் கிரகத்தில் தப்பி இறங்குகிறாள். அங்கே வின்னிபெக் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்பத்தில் ஒருத்தியாகி, மகளைப் பெற்று, ஊர்ப் பொதுக்காரியங்களில் பங்குகொண்டு அவள் வாழ்வதோடு கதை முடிகிறது.

'பாட்டனி பே' என்ற பெயரிலும் பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் காப்டன் குக் 1770-இல் இறங்கிய விரிகுடா அது. இங்கிலாந்து தள்ளிவிட்ட கைதிகளுடன் 1788-இல் கப்பல்கள் முதலில் வந்து நின்றதும் அங்கேதான். தாய்நாடு வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் ஒரு நாட்டையே உண்டாக்கினார்கள் என்ற வரலாறு அப்பெயருக்குப் பின்னே இருக்கிறது. ஃபிரைடே என்ற பெயரும் அப்படிப்பட்டதே. நமக்கு வெள்ளிக்கிழமை மங்கல நாள். ஆங்கில வாசகருக்கோ அச்சொல், டேனியல் டீஃபோ 1719-இல் எழுதிய ராபின்ஸன் குரூஸோ கதையின் ஏவலாளனை நினைவூட்டும். ஒருவருடைய உடைமையாக இருந்து ஊழியம் செய்பவனின் பெயரை இவளும் சுமக்கிறாள்.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. கதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவிச் செல்லுவதால் கட்டுக்கோப்பு தளர்கிறது. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் எதிரிகள் அவளைப் பலாத்காரத்திற்கு உள்ளாக்குகிறார்கள். அக்கொடுமையை ஆசிரியர் மிக இலேசாகக் கடந்து செல்லுகிறார். அதில் பங்குகொண்டவர்களுள் ஒருவனைப் பின்னர் அவள் மன்னித்து, தன் குடும்பத்திலும் ஏற்றுக்கொள்கிறாள். விமரிசகர் பலர் இதைக் கண்டித்திருக்கின்றனர், அக்கண்டனம் நியாயமானதே. ஒரு பெண்ணின் மன உறுதியைக் காட்டுவதற்கு அவளுடைய வேதனையைக் குறைத்துக் காட்டுதல் வழியன்று. அவளும் மனிதப் பிறவியே என்று நிலைநாட்ட எழுந்த நூல், அந்த இடத்தில் தன் நோக்கத்தையே மறந்துவிட்டது.

இவை எதிர்காலக் கற்பனைதானே, நமக்கு என்ன என்று கேட்கலாம். மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையைக் கோஹன், போயர் ஆகிய இருவரும் 1973-இல் காட்டினர். உடலுக்கு வெளியே கருவான முதல் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலையில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நம் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறைநிலையில் வைத்த கருவைக் கொண்டு அத்தகைய மற்றொரு குழந்தை பிறக்கச் செய்தார். அவர் காலத்தில் எவரும் அதை ஏற்கவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே அவருடைய சாதனை ஒப்புக்கொள்ளப்பட்டது. 2018-இல் சீன விஞ்ஞானி ஒருவர், கருநிலையிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். உலகம் அதிர்ச்சியுற்றது, மறு ஆண்டில் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. குற்றம் செய்தவர் விஞ்ஞானி. அக்குழந்தைகளோ மற்றக் குழந்தைகளைப் போலவே வளர வேண்டியவர்கள். அவர்களை நாளைய உலகம் எந்தக் கண்ணால் காணும் என்ற கேள்வி இனிக் கற்பனை அன்று.

தமிழிலும் இத்திசையில் எழுதியவர் உண்டு. பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையில் நிலா என்ற பெண்ணையும் ஜீனோ என்ற இயந்திர நாயையும் படைத்தார். அந்த இயந்திர நாயிடம் வாசகர்கள் வைத்த அன்பை நம்மில் பலர் நேரில் அறிவோம். அஃறிணை என்று இலக்கணம் சொன்னதை நெஞ்சம் உயர்திணையாக ஏற்றுக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்குத் திரும்புவோம். ஆங்கிலத்தில், ஓர் இடத்திற்கு உரியவராக இருத்தலைக் குறிக்க ஒரு வினைச்சொல் உண்டு. அந்த நிலையைத் தேடியே ஃபிரைடே உலகங்களைக் கடந்து செல்லுகிறாள். அச்சொல்லைத் தமிழாக்க நாம் பல நாள் முயன்றோம். கடைசியில் அது நம் அன்றாடப் பேச்சிலேயே கிடந்ததைக் கண்டோம். "நீங்கள் எந்த ஊரைச் சேர்ந்தவர்?" என்றும் கேட்கிறோம் அல்லவா? அதில் பிறத்தல் இல்லை, சேர்தல்தான் இருக்கிறது. வந்து சேர்ந்தவரும் அவ்வூரைச் சேர்ந்தவரே என்பதற்கு நம் மொழி இடம் கொடுத்திருக்கிறது. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அது ஆறுதல். நம் தெருவில் புதிதாக வந்து சேருகிறவரை நாம் எந்த விகுதியால் குறிப்பிடுகிறோம் என்பதைக் கவனித்துக்கொள்ளவும் அது போதும்.